புளி போட்டுத் துலக்கிய மோட்டார் விளக்கு

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
12-3-1934, திங்கட்கிழமை.

சிரஞ்சீவி பாலனுக்கும் சௌபாக்கியவதி சீதாலெட்சுமிக்கும் பேத்திக்கும் அம்மா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் முதல் வரி எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இடுப்பு கழன்றுவிட்டது போல இருக்கிறது, விரலெல்லாம் மண்ணெண்ணெய் வாடை, சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவிப் பார்த்தும் போகவில்லை, சோற்றைப் பிசைந்தால் சோறும் அதே வாடை அடிக்கிறது. ஆனாலும் அதை நோய் என்று சொல்ல முடியாது, வெறும் களைப்பு, ஆகவே சுகம் என்றே வைத்துக்கொள். நீங்களும் அங்கே பட்டணத்தில் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழந்தைக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் விட்டதா என்று நீ எழுதவில்லை. வாத்தியார் வேலை பார்க்கிறவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறாய், பெற்ற பிள்ளையைப் பற்றி அரை வரி எழுதுகிறாய். போகட்டும். இந்தக் கடிதத்தில் உன்னிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன். நீங்கள் மூன்று பேரும் கப்பலை விட்டு இறங்கிப் பத்திரமாக வீடு வந்து சேருகிற காரியம். அதனால் கடைசி வரைக்கும் பொறுமையாகப் படி. வழக்கம்போல் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்ளாதே.

பள்ளிக்கூடம் சித்திரையில் விடுமுறை விட்டதும் கப்பல் ஏறுகிறோம் என்று நீ எழுதிய கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், பிறகு தெருவில் இறங்கி எதிர் வீட்டுக்காரர், பால்காரர், அஞ்சடி நடைபாதையில் கடை வைத்திருக்கிற சீனன் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். மகன் வருகிறான், மருமகள் வருகிறாள், பேத்தி வருகிறாள், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு நானே மோட்டாரில் போய் அழைத்துவரப் போகிறேன் என்று. மறுநாள் விடியும்போதே மோட்டாரைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளி ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்தியாயிற்று. இன்றும் நாளையும் வண்டியைப் பிரித்துத் துடைக்கப் போகிறோம் என்றார். போகிறோம் என்று அவர் சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த 'றோம்' நான்தான் என்று. கப்பல் வர இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதே, இப்போது துடைத்தால் அதற்குள் மறுபடியும் அழுக்காகாதா என்று கேட்டேன். இது பெரிய துடைப்பு, அது சின்னத் துடைப்பு என்றார். ரயில்வேயில் பென்ஷன் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் அவருக்கு வேலை என்றால் சனி ஞாயிறுதான், மற்ற நாளெல்லாம் ஆபீசுக்குப் போய்வந்த அலுப்பு மாதிரி சாய்வு நாற்காலியில் கிடக்கிறார்.

அந்த வண்டியில் அவர் யாரையும் கை வைக்க விடமாட்டார் என்பது உனக்குச் சொல்லவா வேண்டும். சீமைக்குத் திரும்பிப் போன துரையிடமிருந்து வாங்கிய நாள் முதல் அதற்கு ஒரு துணி போர்த்தி வைத்திருக்கிறார், எனக்கு ஒரு போர்வை கிழிந்தால் தைத்துக்கொள் என்கிறார். நீ பட்டணத்துக்குப் புறப்பட்ட அன்று துறைமுகம் வரைக்கும் நான் ஓட்டட்டுமா அப்பா என்று கேட்டாய். உன் சிநேகிதர்கள் எல்லாரும் நிற்கும்போது, "ஸ்டேரிங் பிடிக்க இன்னும் ஒனக்குக் கை மொளைக்கல, பின்னால ஏறி ஒக்காரு" என்று சொல்லிவிட்டார். நீ முகம் சிவந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாய், கிள்ளான் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. நான்கு வருஷமாக நீ எழுதுகிற கடிதத்தில் வண்டி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவும் அதைக் கவனித்திருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சு, நடுவில் கிடந்து அரைபடுவது நான்.

சனிக்கிழமை காலையில் முதலில் இருக்கைகளைக் கழற்றினோம். தோல் இருக்கை முழுவதும் பூஞ்சை பூத்திருந்தது, இந்த ஊர் ஈரத்துக்குச் செருப்பிலேயே பூக்கிறது, இருக்கையை விட்டு வைக்குமா. உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் கொஞ்ச நேரம் காட்டி, எண்ணெய் தொட்டுத் தேய்க்க வேண்டும், அதிக நேரம் வெயிலில் விட்டால் தோல் வெடித்துவிடும், ஆகவே நான் சமையலையும் பார்த்துக்கொண்டு இருக்கைக்கும் காவல் இருந்தேன். இருக்கைக்கு அடியில் கச்சான் கடலைத் தோல், உன் தங்கை புஷ்பவல்லியின் கொண்டை ஊசி, எப்போதோ காணாமல் போன என் தோட்டுத் திருகாணி எல்லாம் கிடைத்தன. திருகாணியை அவர் கையில் கொடுத்து இது என்ன தெரிகிறதா என்று விளையாட்டாகக் கேட்டேன். விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் உள்ள ஆணி, பத்திரமாக வை என்றார். நான் சிரித்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு கழுவும் படலம். காய்ந்த செம்மண்ணைத் துணியால் தேய்த்தால் பெயின்ட் கீறிவிடும், முதலில் வெறும் தண்ணீரை ஊற்றி மண்ணை ஊறவிட வேண்டும், ஊறினது தானாக வழிந்த பிறகுதான் சோப்புத் தண்ணீர், அதுவும் மேலிருந்து கீழே, நிழலில் வைத்து, ஒரு பக்கம் காய்வதற்குள் அலசிவிட வேண்டும் என்று எனக்குப் பாடம் நடந்தது. குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது, வாளி வாளியாகப் பிடித்துக் கொடுத்தது நான். சக்கரங்களும் என் பங்குக்கு வந்தன. அந்தச் சக்கரத்தில் எத்தனை கம்பி இருக்கிறது என்று நீ எண்ணிப் பார்த்திருக்கமாட்டாய், நானும் எண்ணவில்லை, எண்ணினால் அழுகை வரும் என்று கிழிந்த துணியை மண்ணெண்ணெயில் நனைத்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே போனேன். ரோட்டுத் தார் ஒட்டியிருந்த இடத்தில் நகம் போயிற்று. உன் அப்பா மேலே பெயின்ட் வேலையைத் தன் கையில் வைத்துக்கொண்டார், அதை வேறு யாரும் தொடக்கூடாதாம்.

மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனபோது, இடது பக்கம் முடிந்தது, பார், முகம் பார்த்துத் தலை சீவலாம் என்றார். பார்த்தேன். கதவு கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆனால் மட்கார்டு ஓரத்தில் செம்மண் அப்பியது அப்பியபடியே இருந்தது, ஒரு கை அகலத்துக்கு. ஒரு கீறல் விழுந்தால் அரை மைலுக்கு அந்தப் பக்கமிருந்தே கண்டுபிடிக்கிற மனிதர். பசி மயக்கம் என்று நினைத்து நானே பேசாமல் துடைத்துவிட்டேன். சாப்பிட்டு வந்து மெழுகு பூசும்போதும் அப்படியே, முன் கதவுக்குப் பூசித் துடைத்து, மறுபடி அதே கதவுக்குப் பூசினார், பின் கதவுக்குப் பூசவே இல்லை. சொன்னதற்கு, "ரெண்டு தடவ பூசினாத்தான் நிக்கும், ஒனக்கு என்ன தெரியும்" என்று எரிந்து விழுந்தார். எனக்கு ஒன்றும் தெரியாதுதான்.

இனி நான் செய்த புத்திசாலித்தனத்தைச் சொல்கிறேன், சீதாலெட்சுமியிடம் படித்துக் காட்டு, சிரிக்கட்டும். முன் விளக்கின் வளையத்தை மட்டும் துடைத்து வை என்று சொல்லிவிட்டு அப்பா கொஞ்சம் படுக்கப் போனார். வளையத்தைத் துடைத்தபோது அது திருகிக்கொண்டு கையோடு வந்துவிட்டது, கண்ணாடியும் கழன்றது, உள்ளே பார்த்தால் கிண்ணம் மாதிரி ஒன்று, மங்கி, புகை படிந்தது போல. இத்தனை வருஷம் இதை யாருமே துலக்கவில்லையே, மகனும் மருமகளும் வரும்போது இப்படியா இருப்பது என்று எனக்குத் தோன்றிவிட்டது. உள்ளே போய்ப் புளியும் அடுப்புச் சாம்பலும் எடுத்து வந்து, தேங்காய் நாரைச் சுருட்டி, வெள்ளிக்கிழமை குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி உட்கார்ந்து தேய்த்தேன். இரண்டு விளக்கையும் தேய்த்தேன். கறுப்பாக ஏதோ உரிந்து வந்தது, பிறகு மஞ்சள் மஞ்சேலென்று பித்தளை வந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்பா எழுந்து வந்ததும் காட்டினேன். கிட்டே குனிந்து பார்த்து, விரலால் தடவிப் பார்த்து, "பரவால்லையே, நல்லா பளபளன்னு இருக்கு" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் செய்த வேலையை அவர் நல்லா இருக்கிறது என்று சொன்னது அதுதான் முதல், நான் அதை நம்பிவிட்டேன் பார்.

சாயங்காலம் மோட்டார் பட்டறை உமர் வந்தான். அடுத்த தெருவில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருக்கிறானே, உன்னோடு பந்து விளையாடினவன், அவன்தான். விளக்கைப் பார்த்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "என்னாம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, அது வெள்ளிப் பூச்சு, அதுல மூச்சுக் காத்துகூடப் படக்கூடாது, புளியப் போட்டா தேச்சீங்க, இனிமே வெளிச்சம் ரோட்டுக்குப் போகாது, சுசா லா, கஷ்டம்தான்" என்றான். அந்தக் கிண்ணம்தான் வெளிச்சத்தை முன்னால் தள்ளுகிறதாம், வெள்ளையாக இருந்தால்தான் தள்ளுமாம். எனக்கு உயிர் போய்விட்டது. அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தினார்தான், ஆனால் உமர் சொன்ன பிறகுதான் கத்தினார். வெள்ளி போய்ப் பித்தளை வந்ததை அவர் அதற்கு முன்னால் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார். இரவெல்லாம் எனக்கு அதே நினைவு.

உமர் தங்கமான பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை, உடைந்து கிடந்த ஒரு வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த கிண்ணங்கள் இரண்டைக் கொண்டுவந்து பொருத்தினான், அவை புது வெள்ளித் தட்டு மாதிரி இருந்தன. அதற்குள் நாங்கள் மேல் துணிக் கூரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, கால் மிதி பாயை அடித்து உலர்த்தி, கண்ணாடியை அரிசிக் கஞ்சித் தண்ணீரும் பழைய காகிதமும் வைத்துத் துடைத்து, எஞ்சின் மேல் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் வழித்து எடுத்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டியைக் கொட்டகைச் சுவரைப் பார்க்க நிறுத்தி விளக்கைப் போட்டான். அம்மாடி, சுவர் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது, சுவரில் ஒட்டியிருந்த பல்லி வெட்டவெளிச்சத்தில் ஓடியது, நான் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டேன். உமர் சிரித்துக்கொண்டே, "எப்படிங்கய்யா" என்று கேட்டான். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பத்தல. மங்கலாத்தான் இருக்கு. இவ தேச்ச தேப்புல விளக்கே போயிருச்சு" என்றார்.

உமர் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். "ஆமாங்க, நான்தான் கெடுத்துட்டேன், இனிமே என்ன பண்றது" என்று சொல்லிவிட்டேன். உமர் சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளங்கியது. நான் எவ்வளவு மந்தமாக இருந்திருக்கிறேன். முன்பெல்லாம் உனக்குக் கடிதம் எழுதுவது அவர், ஓரத்தில் இரண்டு வரி எழுதுவது நான். கார்த்திகைக்குப் பிறகு நீதான் எழுது, எனக்கு விரல் மரத்துப்போகிறது என்றார். பத்திரிகையில் அச்சு சரியில்லை என்று நிறுத்திவிட்டார். மூக்குக்கண்ணாடி கீறிவிட்டது என்று உன் கடிதத்தை என்னைப் படிக்கச் சொல்கிறார், அந்தக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை, நான் துடைத்துப் பார்த்தேன். வண்டியை வெயில் இருக்கும்போதே எடுத்து வெயில் இருக்கும்போதே கொண்டுவந்து விடுகிறார். போன மாதம் கிள்ளானில் புஷ்பவல்லி வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பேச்சில் நேரம் போய் இருட்டிவிட்டது. பத்து தீகா ஊரைத் தாண்டி ரப்பர் தோட்டத்து ரோட்டில் விளக்கில்லாத மாட்டு வண்டி ஒன்று முன்னால் போனது, நான் வண்டி வண்டி என்று கத்தின பிறகுதான் பிரேக்கை மிதித்தார், மாட்டு வண்டியின் வைக்கோல் நம் வண்டி மூக்கில் இடித்துக்கொண்டு நின்றது. "பாத்துட்டுத்தான் இருந்தேன், நீ எதுக்குக் கத்தற" என்று என்னைத் திட்டினார். நானும் அவர் பார்த்திருப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டேன். அவர் பார்க்கவில்லை, பாலா. உன் அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. பகலில் எப்படியோ சமாளிக்கிறார், பொழுது சாய்ந்தால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இன்று காலையில் மெல்ல, ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வரலாமா என்று கேட்டேன். கண்ணுக்கு என்ன, நீ கெடுத்தது விளக்கை என்றார்.  அவரோடு ரயில்வே ஸ்டோரில் வேலை பார்த்த நாகையா ஆஸ்பத்திரியில் கண்ணைக் கீறிக்கொண்டு வந்து, இருந்த பார்வையும் போய், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வருவதை வாரா வாரம் பார்க்கிறார், அந்தப் பயம் மனதுக்குள் இருக்கிறது. பயம் என்று சொல்லத் தெரியாத மனிதருக்குக் கோபம்தான் வருகிறது. எனக்கும் கோபம் வருகிறது, அதை எங்கே கொண்டுபோய்க் காட்ட, சக்கரத்துக் கம்பியில்தான் காட்டினேன்.

என் கவலை இதுதான். கப்பல் மத்தியானத்துக்கு மேல் கரைக்கு வரும், சாமான் சோதனை எல்லாம் முடித்து நீங்கள் வெளியே வரப் பொழுது சாய்ந்துவிடும், சித்திரை மாதத்தில் சாயங்காலம் மழை வேறு தப்பாமல் பிடிக்கிறது. அங்கிருந்து கிள்ளான், பத்து தீகா, சுங்கைவே என்று வீடு வரைக்கும் அந்த இருட்டு ரோடு. இரண்டு பக்கமும் ரப்பர் மரம், நடுவில் மாட்டு வண்டி, சைக்கிள், கடைக்குப் போய்த் திரும்புகிற தோட்டத்து ஜனங்கள். நீ இருப்பாய், சீதாலெட்சுமி இருப்பாள், அவள் மடியில் நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் பேத்தி இருப்பாள். ரயிலில் வந்துவிடுங்கள் என்று எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். இரண்டு நாள் அவர் அந்த வண்டிக்குச் செய்த வேலையைப் பார்த்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. மகனும் மருமகளும் ரயிலில் வந்து இறங்கினால் அவர் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வார், தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. அவரிடம் நேரே, உங்களுக்குக் கண் தெரியவில்லை, ஓட்டாதீர்கள் என்று நான் சொன்னால் அன்றைக்கு வேண்டுமென்றே இன்னும் வேகமாக ஓட்டுவார், அவரை நீ அறிவாய்.

நேற்று உமர் போன பிறகு நடந்ததைக் கேள். அவர் வண்டிக்குள் ஸ்டேரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தபடியே இருந்தார், எஞ்சின் போடவில்லை, சும்மா கையால் பலகையையும் கதவையும் தடவிக்கொண்டிருந்தார். காப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல், "பாலன் அங்க மோட்டார் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு எழுதியிருந்தானே" என்றார். ஹெட்மாஸ்டர் வண்டியில் லைசென்ஸ் எடுத்தேன் என்று நீ போன வருஷம் எதற்கோ நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய், எனக்கே மறந்துவிட்டது, அவர் அதை இவ்வளவு நாளும் மனதில் வைத்திருக்கிறார். ஆமாம் என்றேன். "அப்ப நம்ம வண்டிய ஓட்டிப் பாக்கணும்னு ஆச இருக்கும்ல" என்றார். இருக்கும், நீங்களே ஓட்டச் சொல்லுங்களேன் என்றேன். காப்பியை ஒரு மடக்குக் குடித்தார். பிறகு, "நான் எதுக்குச் சொல்லணும். அவன் வாயத் தொறந்து கேட்டா கொடுக்காமலா போயிடுவேன்" என்றார். சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரை என் கையில் கொடுக்கிறேன் என்று என் கைக்குப் பக்கத்தில் காற்றில் நீட்டினார். நான் நகர்ந்துபோய் வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்து அடுப்படியில் நின்று அழுதேன், சொல்ல வெட்கமில்லை.

ஆகவே பாலா, நீ கேட்க வேண்டும். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு நான் வண்டியை ஓட்டுகிறேன் அப்பா என்று கேள். நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று எழுதாதே, எனக்கு ஓட்ட வேண்டும் என்று எழுது. கண்ணைப் பற்றி ஒரு எழுத்தும் வரக்கூடாது, விளக்கைப் பற்றியும் கேட்காதே, விளக்கு நான் கெடுத்ததாகவே இருக்கட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துபோகாது. உனக்குக் கோபம் இருக்கிறது, அவர் அன்று சொன்னது தப்புதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீதான் அதை மறந்த மாதிரி கேட்க வேண்டும், அவருக்கு முதலில் பேசத் தெரியாது. கேட்டதும் கொடுத்துவிடமாட்டார், பார்க்கலாம் என்பார், கியர் சரியாக விழாது என்பார், துறைமுகத்தில் எல்லார் எதிரிலும் இன்னொரு தடவை கேள். கொடுத்தால் அவரைப் பின்னால் ஏற்றாதே, உன் பக்கத்தில் உட்கார வை, வழி முழுவதும் பிரேக், கிளட்ச் என்று சொல்லிக்கொண்டே வருவார், எல்லாவற்றுக்கும் சரிப்பா என்று சொல். துறைமுகத்துக்குப் போகும்போது பகல், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவேன், அதை அவர் என் வழக்கமான தொணதொணப்பு என்றே நினைத்துக்கொள்வார். நீ வந்து நாலு நாள் அவரை வண்டியில் அங்கே இங்கே அழைத்துப் போ, பிறகு ஒரு நாள் வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கட்டும். நீ கூப்பிட்டால் இறங்குவார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

மற்றபடி ஊர்ச் செய்தி. புஷ்பவல்லிக்கு இது ஐந்தாம் மாதம், வாந்தி நின்றுவிட்டது, மாப்பிள்ளைக்குக் கிள்ளான் ஆபீசிலேயே வேலை உறுதியாகிவிட்டது. அவளுக்கு இந்தக் கண் விஷயம் தெரியாது, நீயும் எழுதாதே, அவள் பயந்துகொண்டு ஓடி வருவாள். எதிர் வீட்டு அய்யாவு மகளுக்கு வைகாசியில் கல்யாணம், நீ இருந்து பார்த்துவிட்டுப் போகலாம். சீதாலெட்சுமியிடம் சொல், கப்பலில் தலை சுற்றினால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருக்கட்டும், வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம். குழந்தைக்கு மருந்தெல்லாம் கைப்பெட்டியில் வை, பெரிய பெட்டியில் போட்டுவிட்டுத் தேடாதே. மோர் மிளகாய் கொஞ்சம் கொண்டு வா, இங்கே பாசார்ச் சந்தையில் கிடைப்பது வெறும் உப்பு. இருக்கையில் எண்ணெய் தேய்த்திருக்கிறோம், அவளை நல்ல புடவை கட்டிக்கொண்டு வர வேண்டாம் என்று சொல், நான் விரிப்புப் போடுகிறேன், இருந்தாலும் ஒட்டும். என் கடிதம் கிடைத்தவுடன் அடுத்த கப்பல் தபாலிலேயே அப்பாவுக்கு எழுதிவிடு, ஒரு தபால் தவறினால் நீங்கள் கடிதத்துக்கு முன்னால் வந்துவிடுவீர்கள்.

நான் எழுதுகிற மேசைக்கு எதிரிலேயே அவர் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறாய், இவ்வளவு நேரமா என்று கேட்டார். ஊர்ச் செய்திதான் என்றேன். "வண்டி கண்ணாடி மாதிரி இருக்குன்னு எழுது, கப்பல் எத்தன மணிக்கு வந்தாலும் நான் வாசல்ல நிப்பேன்னு எழுது" என்கிறார், எழுதிவிட்டேன். உனக்கும் சீதாலெட்சுமிக்கும் அவருடைய ஆசீர்வாதம், குழந்தைக்கு முத்தம். அதற்கு மேல் என்னுடையதும். மாரியம்மன் உங்களைக் கடலில் கையில் ஏந்திக் கொண்டுவந்து சேர்க்கட்டும், அதற்குப் பிறகு உள்ள ரோட்டுக்கு நீ பொறுப்பு.

இவ்வளவு நாள் கழித்து இன்று தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். தாளின் அடியில் இடம் விட்டு, என் விரலை வைத்து, இங்கே என்று காட்டினேன். பேனாவை வாங்கி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மெதுவாக, முழுப் பெயரும் போட்டார். கீழே விட்ட இடம் அப்படியே வெறுமையாக இருக்கிறது. கன்னையா என்பது மேலே நான் எழுதினதின் மேலேயே, நாலு வரிக்குக் குறுக்கே, சாய்ந்து விழுந்திருக்கிறது. "சரியாப் போட்டேனா" என்று கேட்டார். "அழகா இருக்குங்க" என்றேன். மை பரவிவிட்டது, ரோட்டுக்கு நீ பொறுப்பு என்று நான் எழுதின இடம் உனக்குப் படிக்க வராது. அதனால் மறுபடியும் எழுதுகிறேன். வண்டியை நான் ஓட்டுகிறேன் அப்பா என்று கேள்.

உன் அம்மா,
இராஜம்மா